தங்கத்தில் ஒரு காண்டாமிருகம்

சென்ற பொங்கல் விழாவின்போது நம் சங்கத்து இளைஞர் ஒருவர் என்னைத் தனியே அழைத்துச் சென்று, கைப்பையிலிருந்து ஒரு நீல வெல்வெட் பெட்டியை எடுத்துத் திறந்து காட்டினார். உள்ளே ஒரு தங்க வில்லை. அதில் பாயும் புலி. "மாமா, உங்களுக்கு நாணய விஷயமெல்லாம் தெரியும்னு சொன்னாங்க. பாப்பா பேர்ல வருஷத்துக்கு ஒண்ணு இந்த மாதிரி வாங்கி வைக்கலாம்னு இருக்கோம். நல்லதுதானே?" என்று கேட்டார்.

பந்தியில் இலை போட்டாகிவிட்ட நேரத்தில் நின்றபடி சொல்லி முடிக்கக்கூடிய பதில் அல்ல அது. மேலும், அதே போன்ற பெட்டி ஒன்று என் வீட்டு அலமாரியிலும் இருக்கிறது. அதை வாங்கிய கதையைச் சொல்ல அன்று கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது. பாப்பாவின் பெயரில் வாங்குகிறேன் என்று அவர் சொன்னதால் வெட்கத்தை ஒதுக்கி வைத்துவிட்டு இதை எழுதுகிறேன். மற்ற அன்பர்களுக்கும் பயன்படலாம்.

நான் நாணயவியல் படித்தவன் அல்லன். சிவில் டிப்ளமோ முடித்து 1980இல் வடகிழக்கு ரயில்வேயில் சேர்ந்து, முப்பத்தெட்டு ஆண்டுகள் தண்டவாளத்தோடு காலம் தள்ளியவன். இந்தப் பைத்தியம் பிடித்தது 1983இல், நேபாள எல்லையில் உள்ள ரக்ஸாலில் வேலை பார்த்தபோது. அங்கே மலேரியாக் காய்ச்சலில் விழுந்த எனக்கு எல்லைக்கு அப்பால் பீர்கஞ்சில் இருந்த ஒரு டாக்டர் வைத்தியம் பார்த்தார். உடம்பு தேறியபின் நன்றி சொல்லப் போனபோது, பீரோவிலிருந்து ஒரு நாணயத்தை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார்.

பழைய வெள்ளி ரூபாயைவிடச் சற்றே பெரியது. ஆனால் வைத்தவுடன் கை தாழ்ந்தது. ஒரு பக்கம் மன்னர் பிரேந்திரர். மறு பக்கம் ஒற்றைக் கொம்புக் காண்டாமிருகம். அதன் தோல் மடிப்புகள்கூட விரலுக்குத் தட்டுப்பட்டன. விக்கிரம ஆண்டு 2031, அதாவது நம் கணக்கில் 1974. முகமதிப்பு ஆயிரம் ரூபாய். "இதைக் கொண்டுபோய்க் கடையில் கொடுத்தால் ஆயிரம் ரூபாய்க்குச் சாமான் தருவார்களா?" என்று கேட்டேன். டாக்டர் சிரித்தார். "சட்டப்படி தர வேண்டும். ஆனால் அப்படிக் கொடுக்கிறவன் முட்டாள்" என்றார்.

அந்தப் பதிலில்தான் இந்த விஷயம் முழுவதும் அடங்கியிருக்கிறது.

அந்த நாணயம் வந்த வழி

1974இல் உலக வனவிலங்கு நிதியம் ஒரு திட்டம் தொடங்கியது. அழியும் நிலையில் உள்ள விலங்குகளைப் பொறித்து, பல நாட்டு அரசுகளின் பெயரில், சேகரிப்பாளர்களுக்கென்றே நாணயங்கள் வெளியிடுவது. விற்பனையில் ஒரு பங்கை விலங்குகளின் பாதுகாப்புக்குச் செலவிடுவது. அச்சடிக்கும் பொறுப்பைப் பிரிட்டனின் ராயல் மின்ட் ஏற்றது. அடுத்த சில ஆண்டுகளில் இருபதுக்கும் மேற்பட்ட நாடுகள் இதில் சேர்ந்தன. ஒவ்வொரு நாட்டுக்கும் மூன்று நாணயங்கள்: வெள்ளியில் இரண்டு, தங்கத்தில் ஒன்று.

நேபாளத்தின் தங்க நாணயத்தில் காண்டாமிருகம். வெள்ளியில் செம்பாண்டாவும், அந்நாட்டின் தேசியப் பறவையான டான்ஃபேயும். இந்தோனேசியாவின் தங்கத்தில் கொமோடோ உடும்பு. வெள்ளியில் ஜாவாப் புலியும் ஒராங்குட்டானும். பாகிஸ்தானின் தங்கத்தில் முறுக்குக் கொம்புடைய மார்க்கோர் ஆடு. மலேசியாவின் தங்கத்தில் டாபிர். தமிழர்கள் தலைமுறை தலைமுறையாக வாழும் மொரிஷியஸின் தங்கத்தில் ஒரு சிறு ஈப்பிடிப்பான். நம் ஊர்த் தோப்புகளில் நீண்ட வாலோடு பறக்கும் அரசவால் ஈப்பிடிப்பானுக்கு அது உறவுமுறை.

இந்த வரிசையின் தங்க நாணயம் 33.437 கிராம் எடை. ஆயிரத்துக்குத் தொள்ளாயிரம் பங்கு தங்கம், மீதி பெரும்பாலும் செம்பு. சுத்தத் தங்கம் மட்டும் 30.09 கிராம். நம் பெண்கள் கணக்கில் சொன்னால் நான்கு பவுனுக்குக் கொஞ்சம் மேல். இந்தப் 'பவுன்', 'சவரன்' இரண்டுமே நாணயத்தின் பெயர்கள்தாம். 1817 முதல் அடிக்கப்படும் 7.98 கிராம், 22 கேரட் ஆங்கிலேயத் தங்க நாணயத்தின் பெயரே நம் வீடுகளில் எட்டுக் கிராமுக்கு அளவாக நின்றுவிட்டது. 1918இல் அதைப் பம்பாயிலும் அடித்தார்கள்.

சேகரிப்பு நாணயத்துக்கும் சட்டைப்பையில் கிடக்கும் நாணயத்துக்கும் செய்முறையில் வித்தியாசம் உண்டு. சாதாரண நாணயம் நிமிடத்துக்கு நூற்றுக்கணக்கில் கொட்டும். 'புரூஃப்' எனப்படும் சேகரிப்பு நாணயத்துக்கு அச்சைக் கண்ணாடிபோல் மெருகிட்டு, உருவம் வரும் இடத்தை மட்டும் மங்கலாக்கி, வில்லையை ஒவ்வொன்றாக வைத்து, ஒரு தடவைக்கு மேல் அழுத்துவார்கள். அதனால்தான் பின்னணி பளபளக்க, விலங்கு மட்டும் பனி படர்ந்ததுபோல் எழுந்து நிற்கிறது. எங்கள் பட்டறையில் காய்ச்சிய இரும்பை அச்சில் வைத்து அடிப்பார்களே, கிட்டத்தட்ட அதே வேலை. நுட்பம்தான் நூறு மடங்கு.

மூன்று விலைகள்

இத்தகைய நாணயத்துக்கு மூன்று விலைகள் உண்டு. முதலாவது முகமதிப்பு. அரசு பொறித்த தொகை. வங்கியில் செல்லும், ஆனால் உள்ளே இருக்கும் தங்கத்தோடு ஒப்பிட்டால் அற்பம். இரண்டாவது உலோக மதிப்பு. அன்றைய தங்க விலையைச் சுத்தத் தங்கத்தின் எடையால் பெருக்கினால் வருவது. மூன்றாவது சேகரிப்பு மதிப்பு. எத்தனை அடித்தார்கள், இன்று எத்தனை நல்ல நிலையில் மிஞ்சியிருக்கின்றன, எத்தனை பேர் அதைத் தேடுகிறார்கள் என்பதைப் பொறுத்தது. இதற்கு வாய்ப்பாடு கிடையாது. வாங்க ஆள் இருந்தால் விலை. இல்லாவிட்டால் வெறும் தங்கம்.

விலங்கு பொறித்த எல்லாத் தங்க நாணயமும் சேகரிப்பு நாணயம் அல்ல என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். தென்னாப்பிரிக்கா 1967 முதல் அடிக்கும் க்ரூகர்ராண்டில் ஸ்பிரிங்பாக் மான் துள்ளுகிறது. ஆனால் ஒரு டிராய் அவுன்ஸ் சுத்தத் தங்கம் கொண்ட அந்த நாணயத்தை மக்கள் வாங்கியது மானுக்காக அல்ல, தங்கத்துக்காக. அதன் சாதாரணப் பிரதி தங்க விலையை ஒட்டியே விற்கும். சீனா 1982 முதல் அடிக்கும் பாண்டா நாணயம் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. ஆண்டுதோறும் பாண்டாவின் படத்தை மாற்றுவார்கள். 2001இன் படத்தை 2002இலும் அப்படியே வைத்தபோது சேகரிப்பாளர்கள் முணுமுணுத்ததால், மறுபடியும் மாற்றத் தொடங்கினார்கள். படம் மாறுவதற்காகவே வாங்குகிறவர்கள் அத்தனை பேர்.

நான் ஏமாந்த கதை

1983இல் அந்தக் காண்டாமிருகத்தை நான் வாங்க நினைத்திருந்தாலும் முடிந்திராது. சம்பளம் ஒரு காரணம். சட்டம் இன்னொரு காரணம். 1968இல் வந்த தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1990இல்தான் நீங்கியது. அதுவரை தங்கக் கட்டியும் நாணயமும் வைத்திருக்கக் கடும் கட்டுப்பாடு. எல்லை தாண்டிக் கொண்டுவருவதோ கடத்தல். ஆகவே ஆசையை மனத்திலேயே பூட்டி வைத்தேன்.

2018இல் ஓய்வு பெற்றேன். கிராஜுவிட்டித் தொகை கைக்கு வந்த வாரமே, புலி பொறித்த தங்க 'நாணயம்' பற்றிய வண்ண விளம்பரம் ஒன்று கண்ணில் பட்டது. எட்டுக் கிராம், 24 கேரட், வரிசை எண், கையெழுத்திட்ட சான்றிதழ், வெல்வெட் பெட்டி. 'குறைந்த எண்ணிக்கை' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். பேத்தி பிறந்து ஆறு மாதம். அவள் பெயரில் இருக்கட்டும் என்று, அன்றைய தங்க விலைக்கு இருமடங்குக்குச் சற்று மேலாகவே கொடுத்து வாங்கினேன். என் மனைவி விலையைக் கேட்டாள், சொன்னேன். "உங்க பணம்" என்றாள். அதற்கு என்ன அர்த்தம் என்று குடும்பஸ்தர்களுக்குத் தெரியும்.

மூன்று ஆண்டுகள் கழித்துக் குழந்தைக்குக் காது குத்த நாள் பார்த்தபோது, அதை மாற்றித் தோடும் ஒரு சங்கிலியும் செய்யலாம் என்று நகைக்கடைக்குப் போனேன். கடைக்காரர் இயந்திரத்தில் வைத்துப் பார்த்தார். தங்கம் சுத்தம்தான், அதில் மோசம் இல்லை. பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, "சார், இதிலே எந்த நாட்டுப் பேரும் இல்லையே, மதிப்பும் போடலையே. இது நாணயம் இல்லை, பதக்கம். தங்கத்துக்கு உண்டான விலைதான் தர முடியும்" என்றார். மூன்று ஆண்டுகளில் தங்கம் நன்றாக ஏறியிருந்தும், நான் கொடுத்த பணம் தேறவில்லை. பெட்டியை மூடி எடுத்து வந்துவிட்டேன். காது குத்தலுக்குத் தோடு என் மனைவியின் பழைய வளையல் ஒன்றிலிருந்து வந்தது.

விளம்பரத்தில் பொய் ஒன்றும் இல்லை. 'குறைந்த எண்ணிக்கை' என்றால் எத்தனை என்று நான்தான் கேட்கவில்லை. நாணயம் அடிக்கும் அதிகாரம் நம் நாட்டில் மத்திய அரசுக்கு மட்டுமே உண்டு என்பதும் எனக்குத் தெரியாததல்ல. நகைக்கடையில் அட்சய திருதியைக்கு நாம் வாங்கும் லட்சுமி காசும் சட்டத்தின் கண்ணில் பதக்கம்தான். ஆனால் அதைத் தங்கமாகவே வாங்குகிறோம். அபூர்வம் என்று நம்பி இருமடங்கு கொடுப்பதில்லை.

கவனிக்க வேண்டியவை

வாங்குகிறவர்கள் முதலில் நாட்டின் பெயர், முகமதிப்பு, ஆண்டு மூன்றும் பொறித்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு, எத்தனை அடிக்கப்பட்டன என்பதை நாணயச் சாலையின் அறிவிப்பிலிருந்தோ நாணயப் பட்டியல் நூலிலிருந்தோ தெரிந்துகொள்ள வேண்டும். விற்பவரின் வாய்ச்சொல் போதாது. 'இதையே உங்களிடம் திருப்பிக் கொடுத்தால் என்ன விலைக்கு எடுப்பீர்கள்?' என்ற கேள்வியை வாங்கும் முன்பே கேட்டுவிட வேண்டும். நான் கேட்கத் தவறியது இதைத்தான்.

பொய்த் தங்கத்தைக் கண்டுபிடிக்கப் பள்ளிக்கூடத்தில் படித்த ஆர்க்கிமிடீஸ் போதும். நூறில் ஒரு பங்கு கிராம் வரை காட்டும் சிறு தராசு ஒன்றின்மேல் தண்ணீர்க் கிண்ணத்தை வைத்து, எடையைப் பூஜ்யமாக்கிக்கொள்ளுங்கள். நாணயத்தை மெல்லிய நூலில் கட்டி, அடியில் இடிக்காமல் தண்ணீருக்குள் முழுதும் தொங்கவிடுங்கள். தராசு காட்டும் கிராம்தான் நாணயத்தின் கன அளவு. நாணயத்தின் எடையை அதனால் வகுத்தால் அடர்த்தி வந்துவிடும். சுத்தத் தங்கத்துக்கு 19.3, 22 கேரட் செம்புக் கலவைக்குச் சுமார் 17.6, நான் பீர்கஞ்சில் பார்த்தது போன்ற தொள்ளாயிரம் பங்குத் தங்கத்துக்குச் சுமார் 17.3. முலாம் பூசிய பித்தளையானால் எட்டரைக்குப் பக்கத்தில் நின்றுவிடும்.

இந்தச் சோதனையை ஏமாற்றக்கூடிய உலோகம் ஒன்று உண்டு. டங்ஸ்டனின் அடர்த்தி கிட்டத்தட்டச் சுத்தத் தங்கத்தின் அடர்த்தியேதான். அங்கே ஒலி கைகொடுக்கும். தண்டவாளத்தின் உள்ளே விரிசல் இருக்கிறதா என்று பார்க்க நாங்கள் மீயொலிக் கருவியைத் தள்ளிக்கொண்டு போவோம். அதே தத்துவத்தில் இயங்கும் சிறு கருவி தங்கத்துக்கும் உண்டு. தங்கத்தில் ஒலி விநாடிக்குச் சுமார் 3,200 மீட்டர் வேகத்தில் போகிறது. டங்ஸ்டனில் 5,000 மீட்டருக்கும் மேல். பெருந்தொகை கொடுக்கும் முன் இத்தகைய கருவி வைத்திருப்பவரிடம் காட்டுவது நல்லது.

இல்லத்தரசிகளுக்கு ஒரு வார்த்தை. சேகரிப்பு நாணயத்தைப் புளியோ பவுடரோ போட்டுத் துலக்கக் கூடாது. விரல் ரேகை படாமல் ஓரத்தைப் பிடித்தே எடுக்க வேண்டும். அழகாக இருக்கிறதே என்று வளையம் பற்றவைத்துக் காசுமாலையில் கோத்துவிட்டால், அந்த நிமிடமே சேகரிப்பு மதிப்பு போய் உலோக மதிப்பு மட்டும் மிஞ்சும். காசுமாலை தப்பில்லை, அதற்குப் பத்தர் அடித்த காசு போதும்.

பொறித்த விலங்குகள் என்ன ஆயின?

இத்தனை சொல்லியும் எனக்கு அந்த 1974 நாணயங்கள்மேல் உள்ள மதிப்பு குறையவில்லை. காரணம் பணம் அல்ல. ஐம்பது ஆண்டு கழித்து அவற்றை எடுத்துப் பார்த்தால், ஒவ்வொன்றும் ஒரு கணக்குப் புத்தகம்போல் இருக்கிறது.

நேபாளத்தின் சித்வன் பள்ளத்தாக்கை ஒருகாலத்தில் காப்பாற்றியது என்னைப் படுக்கப்போட்ட அதே மலேரியாதான். அதற்குப் பயந்து வெளி ஆட்கள் அங்கே குடியேறவில்லை. 1950களில் மலேரியா ஒழிப்பு தொடங்கியதும் மக்கள் வந்தார்கள், காடு வயலாயிற்று, எண்ணூறு அளவில் இருந்த காண்டாமிருகங்கள் 1960களின் இறுதியில் நூறு அளவுக்கு இறங்கின. 1973இல் சித்வன் தேசியப் பூங்காவாயிற்று. ராணுவம் காவலுக்கு வந்தது. 2021இல் நேபாளம் எடுத்த கணக்கில் 752.

மொரிஷியஸின் வெள்ளி நாணயம் ஒன்றில் அந்தத் தீவுக்கே உரிய சிறு வல்லூறு இருக்கிறது. 1974இல் காட்டில் தெரிந்தவை நான்கே பறவைகள். முட்டையெடுத்துப் பொரிக்க வைத்து, வளர்த்து, திரும்பக் காட்டில் விட்டு, அந்த இனத்தை நூற்றுக்கணக்காக்கிவிட்டார்கள்.

ஜாவாப் புலியின் கதை வேறு. நாணயம் வெளிவந்தபோதே ஒரு சில புலிகள்தாம் மிஞ்சியிருந்தன. 1970களுக்குப் பிறகு உயிரோடு உறுதியாக யாரும் காணவில்லை. உலகப் பட்டியலில் அழிந்த இனம் என்றே பதிவாகிவிட்டது. நாணயத்தில் மட்டும் அது நடந்துகொண்டிருக்கிறது.

அதனால் ஒரு கேள்வியை நான் சேர்த்துக் கேட்கிறேன். விலங்குக்காக நாணயம் விற்கிறார்களா, நாணயம் விற்க விலங்கைப் போடுகிறார்களா? 1974 திட்டத்தில் ஒரு பங்காவது விலங்குக்குப் போயிற்று. என் பெட்டியில் உள்ள புலிக்கு ஒரு பைசாவும் போனதாகச் சான்றிதழில் இல்லை.

அந்த இளைஞருக்கு என் பதில் இதுதான். தம்பி, சேமிப்பு வேறு, சேகரிப்பு வேறு. பாப்பாவின் கல்யாணத்துக்கு என்றால் ஹால்மார்க் பார்த்துச் சாதாரணத் தங்கமாக வாங்குங்கள். அல்லது வங்கியில் போடுங்கள். நாணயத்தின்மேல் ஆசை என்றால், அதைச் சினிமாச் செலவு, சுற்றுலாச் செலவு போல் வேறு பையிலிருந்து செய்யுங்கள். விலை ஏறினால் லாபம். ஏறாவிட்டாலும் அழகான பொருள் கையில் இருக்கிறது என்ற திருப்தி உண்டு. இரண்டு பையையும் ஒன்றாக்கியதுதான் நான் செய்த தப்பு.

ரக்ஸாலிலிருந்து மாற்றலாகி நான் போனது மைலானிப் பக்கம். அங்கே அன்றைய மீட்டர் கேஜ் பாதை துத்வா காட்டுக்குள் போகிறது. வேட்டையால் அந்தத் தராய்ப் பகுதியில் எப்போதோ அற்றுப்போன காண்டாமிருகத்தை மறுபடி குடியேற்ற, 1984இல் அசாமிலிருந்து சிலவற்றைக் கொண்டுவந்தார்கள். 1985இல் சித்வனிலிருந்து நான்கு பெண் காண்டாமிருகங்கள் வந்தன. பதிலுக்கு நாம் நேபாளத்துக்கு யானைகளைக் கொடுத்தோம். அவற்றின் வழிவந்தவை இன்று நாற்பதுக்கும் மேல்.

சென்ற ஆண்டு குளிர்காலத்தில் பேத்தியை அங்கே அழைத்துப் போனேன். பனி விலகாத காலை. நாணல் புதரை ஒதுக்கிக்கொண்டு ஒரு தாயும் கன்றும் வெளியே வந்து நின்றன. அவள் என் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். வீட்டுக்கு வந்ததும் பழைய டப்பாவைத் துழாவி, ஒரு நாலணாவை எடுத்துக் கொடுத்தேன். 1988 முதல் வந்த எவர்சில்வர் இருபத்தைந்து பைசா. அதில் ஒரு காண்டாமிருகம். 2011 ஜூன் மாதத்தோடு அதன் செல்லுபடி முடிந்துவிட்டது. இப்போது கடையில் கொடுத்தால் மிட்டாய்கூடக் கிடைக்காது.

"தாத்தா, இது நாம பார்த்ததா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அதை அவள் தன் பென்சில் பெட்டியில் வைத்திருக்கிறாள். புலி போட்ட தங்கம் இன்னும் அலமாரியில்தான் இருக்கிறது.